செல்லும் ஓட்டு

“இது செல்லாத ஓட்டு. ரெண்டு எடத்துல குத்தியிருக்கு. தள்ளி வைங்க” என்று பாண்டிதுரை மேசையைத் தட்டினார்.

வாக்கு எண்ணும் அலுவலர் கல்பனா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தட்டாதீங்க. நீங்கதான் வேட்பாளரா?”

“ஆமா.”

“மனுவுல ஈஸ்வரின்னு போட்டிருக்கு. ஒங்க பேரு ஈஸ்வரியா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பாண்டிதுரைக்குக் காது சுட்டது. ஊராட்சித் தலைவர் பதவியை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் மனைவி பெயரில் மனு போட்டார், அவ்வளவுதான். போஸ்டரில் பெரிய படம் அவருடையது, ஓரத்தில் கைகூப்பி நின்றவள் ஈஸ்வரி. ஓட்டு எண்ணிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூட வகுப்பறையிலும் அவருக்குப் பின்னால் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்தே ஆகவேண்டிய நிலைமை. ஊர்க் கண்மாயில் மண் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒரு செங்கல் சூளைக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். “கேஸு வந்தா யாரு பேர்ல வரும்?” என்று ஈஸ்வரி ஒருநாள் கேட்டபோது, “அத நான் பாத்துக்கிடுதேன், சொன்ன எடத்துல நீ கையெழுத்தப் போடு” என்று வாயை அடைத்திருந்தார்.

மற்ற சீட்டெல்லாம் எண்ணி முடித்தாயிற்று. ஈஸ்வரியின் ஆட்டோ சின்னமும், எதிர்த்து நின்ற அங்காளம்மாளின் பூட்டு சாவியும் சமமாக நின்றன. மிச்சம் இந்த ஒரே ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு. இரண்டு சின்னத்தின் மேலும் மை.

கல்பனா சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாக்குச்சாவடி முத்திரை சும்மா ஒரு பெருக்கல் குறி அல்ல. அதன் நான்கு அம்புகளும் ஒரே திசையில் வளைந்து, காற்றாடி போல இருக்கும். நேராகக் குத்தினால் காற்றாடி ஒரு பக்கம் சுற்றும். ஈர மை மடிப்பில் ஒட்டிப் பதிந்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்ப்பக்கம் சுற்றும். குத்தியது எது, ஒட்டியது எது என்று அந்தக் குறியே காட்டிக்கொடுத்துவிடும்.

“பூட்டு சாவி மேல இருக்கது குத்தினது. ஆட்டோ மேல இருக்கது ஒட்டினது. காத்தாடி திரும்பியிருக்கு, பாருங்க.”

“எப்படி ஒட்டும்? நீங்க மடிச்சுக் காட்டித்தான குடுக்கீங்க?”

நியாயமான கேள்விதான். மை பட்டாலும் இன்னொரு சின்னத்தில் படக்கூடாது என்று முதலில் நீளவாக்கில் மடித்துப் பிரித்துத்தான் சீட்டைத் தருவார்கள். இந்தச் சீட்டில் அந்த மடிப்பும் இருந்தது, கூடவே வேறொன்றும் இருந்தது. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி பாதியாக்கிய மடிப்பு.

அதைப் பாண்டிதுரைக்குத் தெரியும். நூல் பிசிறு காயத்தில் ஒட்டாமலிருக்க, ராஜபாளையம் பக்கத்துப் பேண்டேஜ் கம்பெனிகளில் துணியின் வெட்டிய ஓரத்தை அப்படித்தான் உள்ளே மறைத்து மடிப்பார்கள். அவர் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். ஈஸ்வரியும் மனு போடும்வரை போய்க்கொண்டிருந்தவள்தான். “தலைவரு பொண்டாட்டி வேன்ல போனா எனக்கு அசிங்கம்” என்று இவர்தான் நிறுத்தினார்.

“கம்பெனிக்காரி எவளோ கைப்பழக்கத்துல மடிச்சிருக்கா. அறிவு கெட்டவ.”

“மடிக்கத்தான் தெரியல. யாருக்குப் போடணும்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கு. ஓட்டு செல்லும்” என்று சொல்லிக் கல்பனா சீட்டை அங்காளம்மாளின் கட்டோடு சேர்த்தார்.

மறுபடி எண்ணச் சொன்னார் பாண்டிதுரை. மறுபடியும் அதே ஓர் ஓட்டு.

வாசலில் அங்காளம்மாளின் ஆட்கள் சரவெடி கொளுத்தினார்கள். புகைக்கு இந்தப் பக்கம் பைக்கில் சாய்ந்து நின்றான் ஈஸ்வரியின் தம்பி தங்கச்சாமி.

“வாலே, மகராசா. ஓட்டுப் போட வராம எங்கலே போன?”

“நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்கிட்டேன் அத்தான். எம்எல்ஏ எலெக்சன்னாலும் பரவால்ல. இதுல எவரு வந்தாலும் நம்ம தெருக் குழாயில காத்துதான வரப்போகுது.”

“ஒத்த ஓட்டுல போச்சுலே. நீ வந்திருந்தா?”

“வந்திருந்தா சமம். சமம்னா குலுக்கிப் போடுவாக. குலுக்குனா மட்டும் ஒங்களுக்கா விழுந்திரும்?”

பாண்டிதுரை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “சோம்பேறி நாயே, சூளைக்காரருக்கு நான் என்னலே பதில் சொல்லுவேன்? கண்மாயில கை வைக்க விடமாட்டேன்னு தெருத் தெருவாக் கத்துனவ அந்த அங்காளம்மா. இனி எவ வந்து எனக்குக் கையெழுத்துப் போடுவா?”

ஈஸ்வரி நடுவில் புகுந்து, தம்பியின் சட்டையிலிருந்து கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

“எவளும் போட்டுறக் கூடாதுன்னுதான் நானே பூட்டு சாவியில குத்துனேன்.”