ஊரின் முதல் பெயர்

"பதினாலாம் பக்கத்தத் திரும்பப் போடுங்க, சார்."

கேட்டேவிட்டாள். 'கையெழுத்து கைக்கு வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தப் பத்தி மூச்சு விடாத' என்று காலையில்தான் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள்.

பெயர் மாற்றக் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் அச்சுக்குப் போகவேண்டிய அறிக்கை. பக்கத்தில், அவளுடைய நிரந்தர வேலைக்கான விண்ணப்பம், கவிழ்த்தபடி. அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வேலை இல்லை.

அறிக்கை முழுக்க அவள் எழுதியது. அதிலிருந்து பதினாலாம் பக்கத்தை மட்டும் அவர் உருவிவிட்டிருந்தார்.

குதிரையில் வந்தவன் ஊருக்குத் தன் பெண்டாட்டி பெயரை வைத்தான். கப்பலில் வந்தவன் நாக்கு புரளாமல் அதைப் பாதியாக வெட்டினான். தேர்தலில் ஜெயித்தவன் தலைவர் பெயரை ஒட்டினான். இப்போது ஜெயித்தவர்களுக்கு ஆதிப் பெயர் வேண்டுமாம். தேடித் தேடி, குதிரைக்காரன் பெண்டாட்டியில் போய் நின்றுகொண்டார்கள்.

அதற்கு முந்நூறு வருஷம் மூத்த கல்வெட்டு ஒன்று பதினாலாம் பக்கத்தில் இருந்தது. அதில் ஊருக்கு வேறு பெயர்.

அந்தப் பெயர் இன்னும் சாகவில்லை. சாக்கடைக் கால்வாய்க் கரையில், தகரக் கூரைகளுக்கு அடியில், ஒரு குடியிருப்பின் பெயராகக் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள்.

"சாக்கடப் பேரத் தூக்கி ஊர் வாசல்ல மாட்டச் சொல்றியா?" சிரித்தார். "நமக்கெதுக்கும்மா வம்பு? நீயும் நானும் அங்கயா குடியிருக்கோம்?"

"அப்போ கல்வெட்டு பொய் சொல்லுதா, சார்?"

"கல்லு என்ன வேணா பேசட்டும். நீ பேசாத. உனக்கு இன்னும் கையெழுத்துப் போடல, ஞாபகம் வச்சுக்க."

பேனாவைத் திறந்துகொண்டே விண்ணப்பத்தைத் திருப்பினார்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

கல்லூரியில் சேர்ந்த நாள் தொட்டு, முகவரி கேட்ட இடத்திலெல்லாம் பக்கத்துத் தெருவின் பெயரைத்தான் எழுதி வந்தாள். குதிரைக்காரன், கப்பல்காரன் எல்லாருக்கும் பின்னால் அவளும் அந்த வரிசையில் நின்றிருந்தாள்.

இன்று காலைதான் விண்ணப்பத்தில் முதல் முறையாக உண்மை முகவரியை, அந்தக் கால்வாய்க் கரைப் பெயரோடு, எழுதியிருந்தாள்.

பேனா நின்றது.

"ஏம்மா... நீ அங்கயா..."

பையில் பதினாலாம் பக்கத்தின் பிரதிகள், பத்திரிகைகளுக்குப் போகும் உறைகளில். அனுப்புநர் இடத்திலும் அதே பெயர்தான்.

கதவைச் சாத்தாமலே நடந்தாள்.