விழாவுக்கு வெள்ளையடித்த குழாய்கள்

குடியிருப்புச் சுவரோரம் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் குடிநீர் ஓடியது. மற்றொன்றில் சுத்திகரித்த கழிவுநீர் செடிகளுக்குச் சென்றது. விதிப்படி அதற்கு ஊதா நிறம் பூசியிருந்தார்கள். விழா நெருங்கியதும் சுவரோடு சேர்த்து இரண்டுக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள்.

“அக்கா, இனி என்னை எப்படி அடையாளம் காண்பார்கள்?” என்று கழிவுநீர்க் குழாய் நடுங்கியது.

“இப்போதுதானடி நீ பார்க்க லட்சணமாக இருக்கிறாய்!” என்று குடிநீர்க் குழாய் சிரித்தது.

மறுநாள், விருந்தினருக்குக் குடிநீர் இணைப்புக் கொடுக்கப் பிளம்பர் அந்தோணிராசு வந்தார். கழிவுநீர்க் குழாயின்மீது கைவைத்தார்.

“ஐயா, நான் வேண்டாம்! என் நீரைக் குடிக்கக் கூடாது!” என்று அது உடல் அதிர அலறியது.

அந்தோணிராசு குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

“தண்ணி நல்ல வேகமா ஓடுது. இதுலயே எடுத்துடலாம்” என்று அறுக்கத் தொடங்கினார்.