மாதவனுக்குப் பேசிய கேசட்

"ஏக்கா, புதுக் கேசட்டு இங்க ஒறை பிரிக்காமக் கெடக்கே! அப்ப நீங்க தம்பிக்கு எதுலக்கா பேசுனீக?"

பக்கத்து வீட்டு சௌந்தரம் அலமாரியைக் காட்டிக் கேட்டதும் கனகலட்சுமிக்குத் திக்கென்றது.

துபாயில் இருக்கும் தம்பி மாதவனுக்குக் கடிதம் எழுதும் வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாக எழுதி எந்தக் காலத்தில் மனக்குறையைச் சொல்லி முடிப்பது? தம்பி கொண்டுவந்து கொடுத்த டேப்ரிக்கார்டரிலேயே பேசிப் பதிந்து, அந்தப் பக்கம் போகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவாள். நாளைக்கு வீரசோழன் ஊர்ப் பாய் ஒருவர் துபாய்க்குக் கிளம்புகிறார். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் சௌந்தரத்தின் புருஷன் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்; கேசட்டை வாங்கிப்போகத்தான் சௌந்தரம் வந்திருந்தாள்.

டேப்பில் கிடந்த கேசட்டை முதலுக்குச் சுற்றி ஓடவிட்டாள்.

"தம்பி மாதவா, அக்கா பேசுறேன்ப்பா. நல்லா இருக்கியா? நான் என்னத்தச் சொல்ல..."

பட்டென்று நிறுத்தினாள். கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், மேலே புருஷன் சண்முகவேலின் கையெழுத்து.

"போச்சு சௌந்தரம், போச்சு! அவுக பாட்டுக் கேசட்டுடி இது! அது மேலேயே பேசித் தொலச்சிருக்கேன்!"

சண்முகவேலுக்கு அந்தக் கேசட் என்றால் உயிர். பிடித்த பழைய பாட்டுகளாகப் பொறுக்கி எழுதிக்கொடுத்து, ரெக்கார்டிங் கடைக்கு நடையாய் நடந்து பதிந்து வாங்கியது. கிடைக்காத பாட்டுகளுக்காகக் கடைக்காரரை மதுரை வரை விரட்டியிருக்கிறார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதும் அவர் வைத்த வரிசைதான். தறிக்கூடத்திலிருந்து வந்து குளித்துவிட்டு அதைப் போட்டுக் கேட்டால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும்.

"அடுத்த பக்கத்துலயாவது பாட்டு மிச்சம் இருக்கும்ல?"

"அதுலயும் பேசிட்டேன்டி. பேச ஆரம்பிச்சா எனக்கு நிக்க மாட்டேங்குதே!"

"அப்படி என்னத்தத்தான்க்கா பேசுனீக?"

"எல்லாத்தையும்தான். சீனி வாங்கியாரச் சொன்னா உப்பத் தூக்கிட்டு வாராக. கல்யாண வீட்டுல எங்க சித்தப்பா வலிய வந்து பேசுறாரு, இவுக பல்லக் காட்டிட்டு நகந்துட்டாக. தொண்டத் தண்ணி வத்தக் கத்துனாலும் பதில் கெடையாது. பொழுது சாஞ்சா இந்தப் பெட்டியப் போட்டுத் தெருவையே அலற விடுறாக. எங்கூடப் பேச மட்டும் வாய் வலிக்குது."

"இது எல்லா வீட்டுலயும் உள்ளதுதானக்கா. அண்ணன் கேட்டாலும் சிரிச்சுட்டுப் போயிருவாக."

கனகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லடி. எடுத்த எடுப்புலயே ஒண்ணு சொல்லிட்டேன். மொதல்ல எனக்குப் பேசி விட்டுப்போச்சுல்ல, பந்தல்குடி மாப்பிள்ள... அவரக் கட்டியிருந்தா பேச்சுத் தொணைக்காவது ஒரு ஆளு இருந்திருக்கும்னு..."

"ஆத்தாடி!" சௌந்தரம் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதயா புருசன் கேசட்டுல பதிஞ்சு வச்சிருக்கீக? மொதல்ல அத ஒளிச்சு வைங்க!"

எங்கே ஒளிப்பது? வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. சௌந்தரம் கொல்லைப்பக்கமாகக் கம்பி நீட்டிவிட்டாள்.

சண்முகவேல் உள்ளே வந்தார். "இன்னைக்குத் தறியில ஒரே ரோதனை. ஒருத்தனும் வேலைக்கு ஒழுங்கா வரல. கரண்டும் போயிப் போயி வருது. மனுசன் பொழைக்கவா?" என்று அலுத்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தவர், முந்தானைக்குள் அவள் மறைத்திருந்த கேசட்டைப் பார்த்துவிட்டார்.

"அட, எடுத்தே வச்சிருக்கியா? குடு, குடு."

அவள் வாயைத் திறப்பதற்குள் கேசட் அவர் கைக்குப் போய்விட்டது. அவர் டேப் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, டேப்பு ரிப்பேருங்க... இன்னைக்கு வேணாம்ங்க..."

வழக்கம்போல் பதில் இல்லை. கேசட்டை முதலுக்குச் சுற்றி, சத்தத்தைக் கூட்டி வைத்து, பொத்தானை அமுக்கினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி மாதவா, அக்கா பேசுறேன்ப்பா..." கனகலட்சுமியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "ஒன் மச்சானக் கட்டி நான் என்னத்தக் கண்டேன்? பேசாம அந்தப் பந்தல்குடி மாப்பிள்ளையக் கட்டியிருந்தா, பேச்சுத் தொணைக்காவது ஒரு ஆளு இருந்திருக்கும்டா தம்பி..."

அவருடைய முதுகுக்குப் பின்னால் கனகலட்சுமி விறைத்துப்போய் நின்றாள். அவர் அசையவில்லை. திட்டட்டும், டேப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கட்டும். இப்படிக் கம்மென்று உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னங்க! ஏதோ ஒரு கோவத்துல ஒளறிட்டேங்க! என்ன மன்னிச்சிருங்க!" என்று வாய்விட்டே கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. பொறுக்கமாட்டாமல் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

சண்முகவேல் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"அடடே, நீ எப்ப வந்த? ஒக்காரு, ஒக்காரு. இந்தப் பாட்டுல இப்ப ஒரு புல்லாங்குழல் வருது பாரு... ஆகா! ஆளயே கொல்லுது!" என்று டேப்பைக் காட்டி, மலர்ந்த முகத்தோடு விரலால் தாளம் போட்டார்.

டேப்பில், கனகலட்சுமி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள்.