ரவுட்டரை மட்டும் தொடாதீங்க

"ஏன்னா, மறுபடியும் வட்டம் சுத்த ஆரம்பிச்சுடுத்து!"

சீதாலக்ஷ்மி போட்ட சத்தத்தில், சோபாவில் கண்ணயர்ந்திருந்த வெங்கிட்டு தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். டி.வி. திரையில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி நாலு.

நாலரைக்குச் சிங்கப்பூர் சேனலில் சமையல் போட்டியின் இறுதிச் சுற்று, நேரலை. கடைசி மூன்று பேரில் ஒருத்தி அவர்கள் பெண் ஸாதனா. அம்மாவிடம் கற்றுக்கொண்ட மொளகூட்டலைத்தான் மேடையில் செய்யப் போகிறாள். அந்தச் சேனலோ சிங்கப்பூருக்கு வெளியே தெரியாது. அதனால்தான் போன தடவை மட்டாஞ்சேரிக்கு வந்தபோது டி.வி.யில் விபிஎன் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை அழுத்தினால், டி.வி. தான் சிங்கப்பூரில் இருப்பதாக நம்பிக்கொள்ளும். இன்று ஏனோ நம்ப மறுத்தது.

"மாடி கேசவைக் கூப்பிடட்டுமா? நவராத்திரிக்கு நம்மாத்துக் கொலுவுக்கு லைட்டும் பாட்டும் அவன்தானே போட்டான், ஓர்மை இருக்கோ?"

"வேண்டாம் சீதே. பத்து மணிக்குக் கதவைச் சாத்தினான்னா ஆறு வரைக்கும் அவனுக்கு ஆபீஸ். வாடகைக்கு வந்தவன் வேலையை நாம கெடுக்கப்படாது. அந்த விபிஎன் கம்பெனிக்கே போனைப் போடு."

சீதாலக்ஷ்மி செல்போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம் மேடம். நான் கெவின், சிங்கப்பூர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு குரல், மூக்கால். "உங்க பேரும் ஊரும் சொல்லுங்க."

"சீதாலக்ஷ்மி. கொச்சி, மட்டாஞ்சேரி."

மறுமுனையில் ஏதோ தடாலென்று விழுந்தது.

"ஹலோ, கெவின்?"

"இருக்கேன் மேடம். கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம்."

கெவின் சொல்லச் சொல்ல, மாமி ரிமோட்டும் கையுமாகச் செய்தாள். கணக்கிலிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போனாள். பாஸ்வேர்ட் மூன்றாவது தடவைதான் ஒத்துக்கொண்டது. விபிஎன்னில் சிங்கப்பூரை விட்டு ஜப்பானுக்குப் போய்த் திரும்பினாள். கடைசியில் அந்த ஆப்பையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள்.

"ஜப்பான்லயும் வட்டம்தான் சுத்தித்து, கெவின்!"

மணி நாலு இருபது ஆகிவிட்டது.

"கேபிள் போட வந்த சேட்டன் சொன்னான், எது நின்னாலும் ரவுட்டரை ஒருதரம் அணைச்சுட்டுப் போட்டாப் போறும்னு. அணைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்! ரவுட்டரை மட்டும் தொடாதீங்க! டி.வி.யை வேணும்னா பத்துத் தடவை அணைங்க. அந்தப் பச்சை அலமாரி பக்கமே போகாதீங்க!"

மாமி பூரித்துப் போனாள். "பாத்தேளா, சிங்கப்பூர்ல உக்காந்துண்டு, நம்மாத்து ரவுட்டர் பச்சை அலமாரி மேல இருக்கறதைக் கரெக்டாச் சொல்றான்! என்ன ஒரு டெக்னாலஜி!"

வெங்கிட்டுவின் முகம் மாறியது. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கள்ளனைக் குரலை வைத்தே பிடித்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு அவருக்கு உண்டு. இதுவரை ஒருத்தனையும் பிடித்ததில்லை.

"போனை வை சீதே! இவன் கள்ளனாக்கும்! நம்மாத்தைக் கேமரா வழியாப் பாத்துண்டே பேசறான். தேவராவில இருக்கற என் சிநேகிதரை இப்படித்தான் லைன்ல நிறுத்தி வெச்சு, பேங்க்ல இருந்ததை வழிச்சுண்டு போயிட்டான் ஒருத்தன்."

"சத்தியமா நான் கள்ளன் இல்லை சார்!" கெவினின் குரலில் இப்போது மூக்கைக் காணோம். "அணைச்சுடாதீங்க சார், ப்ளீஸ்!"

"பின்னே ரவுட்டர் மேல உனக்கு என்னடா அத்தனை கரிசனம்?"

"ஏன்னா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இவனையும் விரட்டிட்டா யாரு சரி பண்ணித் தருவா?" மாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "குழந்தை மூணு மாசமா ராப்பகலா உழைச்சிருக்கா. பெத்தவ நான் பாக்க வேண்டாமா?"

வெங்கிட்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. அதே நொடியில் கெவினின் குரலும் நின்றுபோனது.

"கண்டியா? பிளக்கைப் பிடுங்கினதும் ஓடியே போயிட்டான்!"

"நம்ம செல்போன் டவர்லதானே பேசறது? வைஃபை போனா அது ஏன் கட்டாகணும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் மாமி.

வெங்கிட்டு ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. அப்படியே பிளக்கைத் திரும்பச் செருகினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திரையில் வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறைந்தது. ஏப்ரனும் கரண்டியுமாக நின்று கையசைத்தாள் ஸாதனா, பளிச்சென்று.

"வந்துட்டா! என் கண்ணு வந்துட்டா!" மாமி சின்னக் குழந்தை மாதிரி கை தட்டினாள்.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான் கேசவ். அவசரத்தில் மாட்டிய சட்டையில் பட்டன் மாறியிருந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"மாமி, கொலுவுக்குப் பாட்டுப் போடக் கொடுத்தேளே, அந்த வைஃபைலதான் என் ஆபீஸே ஓடறது! ரவுட்டரை மட்டும் தொடாதீங்கோன்னு சிங்கப்பூர்லேர்ந்து அத்தனை தடவை கத்தினேனே, கேட்டேளா?"