எவர்சில்வர் டப்பா

குழந்தை மனநல மருத்துவர் ஜெசிந்தாவின் அறைக்குள் வருகிறவர்கள் முதலில் குழந்தையின் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி, மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். மூடியை இறுக்கிவிட்டால் பட்டை பெற்றோரின் போனுக்கு எதையும் அனுப்பாது.

"கழட்டிட்டா இவளுக்கு என்ன செய்யுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்றான் சேர்மராஜ்.

மகள் இலக்கியாவுக்கு ஒன்பது வயது. பசி, தூக்கம், வருத்தம் எல்லாவற்றையும் பட்டையே சொல்லிவிடுவதால், அவள் ஆறு மாதமாக யாரிடமும் பேசவில்லை என்பது பள்ளியிலிருந்து சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"கேட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உனக்கு என்னம்மா செய்யுது?"

இலக்கியா பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியலப்பா" என்றாள்.

ஆறு மாதம் கழித்து வந்த அந்த ஒரு சொல்லுக்காக ஜெசிந்தா மனதுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

தாய் பொன்செல்வி போனைப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. வேறு வழி தெரியாமல், காய்ச்சலுக்குப் பார்ப்பதுபோல மகளின் நெற்றியில் கையை வைத்தாள்.

"சூடு ஒண்ணும் இல்லையே."

"இல்லம்மா. கைய எடுக்காத."

நேரம் முடிந்தபோதும் கை அங்கேயே இருந்தது. ஜெசிந்தா பட்டையைத் திருப்பிக் கொடுக்க டப்பாவை எடுத்தாள்.

"திறக்காதீங்க டாக்டர்" என்றான் சேர்மராஜ். "இந்த டப்பா எந்தக் கடையில கிடைக்கும்?"

அது அவள் தினமும் மதியச் சோறு கொண்டுவரும் டப்பா.

"இதையே கொண்டு போங்க" என்றாள்.

மறுநாள் ஜெசிந்தா சோற்றை இலையில் பொதிந்து கொண்டுவந்தாள்.