முன்னிக்கு எந்தக் காலில் வலி?

"நீயெல்லாம் மனுஷனாய்யா? நொண்டிக் குதிரையைப் பூட்டி ஆறு பேரை ஏத்துறியே!"

காவிரிப் பாலத்து ஏற்றத்தில் ஜட்காவிலிருந்து இறங்கிய பெரியவர் கத்தினார். மற்ற ஐந்து பேரும் தங்கள் பங்குக்குத் திட்டிவிட்டு ஸ்ரீரங்கம் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். வண்டிக்கார நசுருதீன் பாய் லகானைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் சைக்கிளில் வந்த டாக்டர் தர்மராஜ் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் கால்நடை டாக்டர். குதிரைகளின் நடையையும் கால் எலும்பையும் ஆராய்ச்சி செய்கிறவர். ஒரு மாதமாகத் திருச்சி ஜட்காக் குதிரைகளை ஈர மணலில் நடக்கவிட்டு, குளம்புத் தடத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். "எல்லாரும் கை ரேகை பார்க்கிறாங்க, நீங்க குதிரைக் கால் பார்க்கிறீங்க" என்று வீட்டில் கேலி வேறு.

ஆராய்ச்சியோடு போயிருந்தால் நிம்மதி. நொண்டிக் குதிரைகளின் பட்டியலை நாளைக் காலைக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தது முனிசிபாலிடி. பட்டியலில் பேர் வந்தால் லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போன குதிரைக்கு யார் கொள்ளு வைப்பார்கள்?

முன்னி என்கிற இந்தப் பெட்டைக் குதிரைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மணலில் அதன் தடம் அளவெடுத்தாற்போல் இருந்தது. குளம்பு, மூட்டு, தோள்பட்டை எல்லாம் அமுக்கிப் பார்த்தார். அது அசையவே இல்லை. பாலத்து ஏற்றம் வந்தால் மட்டும் நொண்டல்.

எலும்புக்குள் விரிசல் ஏதாவது இருக்குமோ? தப்பாக எழுதினால் பாய் பிழைப்பில் மண். எழுதாமல் விட்டால் குதிரை ஒரு நாள் பாலத்திலேயே கால் முறிந்து விழும்.

சைக்கிளை நிறுத்தி நோட்டைப் புரட்டினார். நேற்றும் முந்தாநாளும் இடது முன்கால் என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். இன்று முன்னி நொண்டியது வலது முன்காலில்!

அவருக்குப் பகீரென்றது. குதிரைத் தரகர்கள் செய்கிற அக்கிரமம் ஒன்று உண்டு. ஒரு காலில் நொண்டல் இருந்தால், அடுத்த கால் லாடத்துக்குள் கல்லைச் செருகிவிடுவார்கள். இரண்டும் வலித்தால் நடை சமமாகத் தெரியும். கல் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் நொண்டல் கல் வைத்த காலுக்கு வந்துவிடும்.

"நிறுத்துய்யா வண்டியை! பாவி, லாடத்துல என்னத்தை வச்சே?"

குனிந்து வலது காலைத் தூக்கினார். கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. குளம்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ரெண்டு நாளா இடது, இன்னிக்கு வலது. வலி எங்கேயாவது கால் மாறுமா? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா பட்டியல்ல இதுதான் முதல் பேரு!"

நசுருதீன் கண் கலங்கிவிட்டது.

"அல்லா மேல ஆணையா அதுக்கு ஒரு நோவும் இல்லீங்க, டாக்டர் சார். லகானைச் சுண்டினா நொண்டும். நான்தான் பழக்கி வச்சிருக்கேன். தினம் இடப்பக்கம் சுண்டுவேன். இன்னிக்கு உங்க சைக்கிளைப் பார்த்த பயத்துல கை மாறிப்போச்சு."

"எதுக்குய்யா இந்த வேஷம்? ஊரெல்லாம் உன்னைக் காறித் துப்புதே!"

"ஆறு பேருக்குக் குறைஞ்சா வண்டியை எடுக்காதேங்கறாரு முதலாளி. ஏத்தத்துல மட்டும் இறங்கி நடங்கன்னு ஜனங்ககிட்ட கெஞ்சிப் பார்த்தேங்க. 'சும்மாவா ஏறினோம்?'னு ஒருத்தரும் அசையல. ஒரு நாள் ஆணி ஏறி இது நெசமாவே நொண்டுச்சு. என்னைத் திட்டிக்கிட்டே அத்தனை பேரும் இறங்கிட்டாங்க. திட்டு என்னோட போகட்டுங்க. இதுக்குப் பாரம் குறையுதுல்ல?"

டாக்டர் முன்னியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். நோட்டில் 'கால்களில் குறையில்லை' என்று எழுதிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

பத்தடி போனவர் திரும்பிப் பார்த்தார்.

"பாய், இனிமே தினம் இடது காலையே நொண்ட விடுங்க. என்னை மாதிரி இன்னொருத்தன் நோட்டோட வந்து நின்னா மாட்டிக்குவீங்க!"