கடுகளவு தங்கம்

வடக்கே, பாதி வருஷம் உறைந்தே கிடக்கும் ஓர் ஆற்றோரத்தில், தண்ணீரில் பாதி முழுகி நீளமான மரத்தொட்டி ஒன்று கிடந்தது. ஒருகாலத்தில் மனிதர்கள் அதில்தான் ஆற்றுமணலைக் கொட்டி அலசுவார்கள். மணல் ஓடிவிடும், கனமான தங்கம் குறுக்குக் கட்டைகளில் தங்கிவிடும். தங்கம் தீர்ந்ததும் தொட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"இன்னைக்கு ஏதாவது வருதா தம்பி?" என்று அந்தப் பக்கம் திரியும் மீனிடம் தொட்டி தினமும் காலையில் கேட்கும். மீனுக்கு மனசு கேட்கவில்லை. எங்கெங்கோ தேடி, கடுகளவு தங்கம் ஒன்றைக் கவ்விவந்து தொட்டியின் தலைமாட்டில் போட்டது.

"வந்திருச்சு" என்று தொட்டி பூரித்துப்போனது.

மறுநாள் அதே தங்கம் தொட்டிக்குக் கீழே மணலில் கிடந்தது. பாவம், பிடித்துவைக்கக்கூடத் தெம்பில்லை என்று நினைத்து, மீன் அதையே மறுபடி எடுத்துப்போய்ப் போட்டது.

"நேத்து வந்ததைவிடப் பெருசு" என்றது தொட்டி.

கோடை முழுக்க இப்படியே ஓடியது.

ஒருநாள் மீன் சீக்கிரமே வந்துவிட்டது. தங்கம் கட்டையோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தொட்டி தன் உளுத்த உடம்பை முக்கி முனகி ஆட்டி, அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

"போயிரு, போயிரு. தம்பி வர்ற நேரம். கீழ ஒண்ணும் கிடக்கலேன்னா அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறான்?"

மீன் சத்தமில்லாமல் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. வழக்கமான நேரம் ஆனதும் வந்து, தங்கத்தைக் கவ்விப்போய்த் தலைமாட்டில் போட்டது.

தொட்டி வாய் திறப்பதற்குள் மீனே சொன்னது: "நேத்து வந்ததைவிடப் பெருசுண்ணே."